பாணும் கட்சுவும்

பாண் என்னும் சொல்லை நாம் போர்த்துக்கேயரிடமிருந்து பெற்றோம். ஜப்பானியரும் அவர்களிடமே பெற்று, ‘பான்’ என வழங்குகின்றனர். நமது கட்லட்டும் அவர்தம் ‘கட்சு’வும் ஓர் ஆங்கிலச் சொல்லின் வழிவந்தவை. இவ்விரண்டும் கூடியதே மாட்டிறைச்சிக் கட்சு சாண்ட்விச். 675ஆம் ஆண்டின் அரச கட்டளையாலும் பௌத்த நெறியாலும் மாட்டிறைச்சியை நெடுங்காலம் விலக்கியிருந்த அந்நாட்டில், 1872இல் மெய்ஜி மன்னர் அதனை உண்ட செய்தி வெளியானபின் வழக்கம் மாறலாயிற்று.

இதனை வீட்டிற் செய்ய, அரை அங்குலக் கனமுள்ள மென்மையான இறைச்சித் துண்டில் உப்பும் மிளகும் தடவி, மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, பாண்தூளை அழுத்துவோம். ரஸ்க் தூள்போல் நுண்ணிய தூள் ஆகாது. முதல்நாட் பாணைப் பருமனாக உதிர்த்தாலே மொறுமொறுப்பு வரும். காய்ந்த எண்ணெயில் மூன்று நிமிடம் பொரித்தெடுத்து, ஐந்து நிமிடம் பொறுத்தல் வேண்டும். உடனே வெட்டினால் சாறு வடிந்து பாண் நனைந்துவிடும். பின்னர் ஓரம் நீக்கிய பாணில் வெண்ணெயும் கடுகுச்சாந்தும் பூசி, இறைச்சியை இடையில் வைத்து, மெல்ல அழுத்தி வெட்டுவோம். மாட்டிறைச்சி உண்ணாத இல்லத்தார் கோழியிறைச்சியிலும் செய்யலாம்.

‘கட்சு’ என்றால் அவர்கள் மொழியில் வெல்லுதல் என்றும் பொருள். ஆதலின் பரீட்சைக்கு முன்னர் பிள்ளைகளுக்குக் கட்சு செய்து கொடுக்கும் வழக்கம் அங்குண்டு. படியாத பிள்ளையை எப்பண்டமும் கரையேற்றாது என்பதை அவ்வன்னையரும் அறிவர். ஆயினும் பிள்ளைக்காக வேண்டும் தாய்மனம் அங்கும் இங்கும் ஒன்றே.