பட்டணம் பார்த்த கணக்கு

சென்னைப் பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் ஒரு விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த ஊரே சாமான் வாங்க வந்தவர்களால் உண்டானது. 1639-ஆம் வருஷத்தில் பிரான்ஸிஸ் டே என்னும் கம்பெனி உத்தியோகஸ்தர் இந்தக் கரையைத் தேடி வந்தது ஸ்தல யாத்திரைக்காக அல்ல. காற்று வாங்குவதற்காகவும் அல்ல. இங்கே துணி மலிவு என்று கேள்விப்பட்டுத்தான் வந்தார். ஜவுளி வாங்க வந்தவர்கள் கொஞ்சம் இடம் கேட்டார்கள். இடம் கிடைத்ததும் கோட்டை கட்டினார்கள். துணி நெய்ய ஒரு பேட்டை, துணி வெளுக்க ஒரு பேட்டை என்று ஏற்படுத்திக்கொண்டார்கள். அவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப 1947 வரையில் ஆயிற்று. நாமோ நாலே நாளில் ஜவுளி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டோம். இதை நினைக்கும்போது நமது இல்லத்தரசியின் நிதானத்தை மெச்சத்தான் வேண்டியிருக்கிறது.

நமது புதல்விக்குத் தை மாதத்தில் விவாகம் நிச்சயமாகியிருந்தது. அதற்கு வேண்டிய ஜவுளியும் பாத்திரங்களும் வாங்கக் குடும்ப சகிதமாகச் சென்னைக்குப் பிரயாணம் என்று ஏற்பாடு. "கும்பகோணத்தில் கிடைக்காத பட்டா? கும்பகோணத்தில் கிடைக்காத பாத்திரமா?" என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் கேட்டோம். "பட்டணத்தில் வாங்கினோம் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள வேண்டாமா?" என்று இல்லத்தரசி பதில் கேள்வி போட்டாள். அதற்கு மேல் வாதாடும் சாமர்த்தியம் இருந்திருந்தால் நாம் வக்கீலாகப் போயிருப்போம்.

ஜாபிதா மூன்று பக்கம் ஓடிற்று. எழுதி முடித்துக் கூட்டல் போடும் சமயத்தில் அத்தை மெள்ள வந்தாள். "அப்பா, கடைசியில் ஒரு வரி எழுதிக்கொள். திருவொற்றியூர் அம்மன் தரிசனம்" என்றாள்.

"அதற்கு என்ன விலை போடுவது, அத்தை?" என்று வேடிக்கையாகக் கேட்டோம்.

"அது நான் கொடுக்க வேண்டிய பாக்கி. உன் கணக்கில் வராது" என்றாள்.

அத்தைக்கு வயது 76. பிறந்தது ரங்கூனில். அங்கே நமது பாட்டனார் மளிகைக் கடை வைத்திருந்தார். 1962-இல் ஜெனரல் நே வின் பர்மாவின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகள் சர்க்கார் உடைமையாயின. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்திருந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் நாடு திரும்ப நேர்ந்தது. அத்தை 15 வயதுப் பெண்ணாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது குடும்பத்தின் ஆஸ்தி ஒரு தகரப் பெட்டி. திருவொற்றியூர்க் கடலோரத்தில் ஓர் ஓலை வீட்டில் பதினோரு மாதம் குடியிருந்தார்கள். "அப்பாவுக்கு ஒரு வேலை கிடைத்தால் உனக்குப் புடவை சாத்துகிறேன்" என்று அப்போது வடிவுடையம்மனிடம் அத்தை வேண்டிக்கொண்டாளாம். பாட்டனாருக்குக் கும்பகோணத்தில் கணக்கெழுதும் உத்தியோகம் கிடைத்தது. குடும்பம் கிளம்பிவிட்டது. வேண்டுதல் மட்டும் திருவொற்றியூரிலேயே நின்றுவிட்டது.

மாம்பலத்தில் உறவினர் வீட்டில் ஜாகை. முதல் மூன்று நாளும் தியாகராய நகர்தான். ரங்கநாதன் தெருவில் நாம் நடந்தோம் என்று சொன்னால் பொய்யாகும். ஜனக்கூட்டம் நம்மை நடத்திக்கொண்டு போயிற்று. கடைகளில் இரவு பகல் தெரியாதபடி விளக்குகள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே மார்கழிக் குளிர். ஒரு கடையில் அத்தை அரக்குக் கரை போட்ட பச்சைப் பட்டு ஒன்றை எடுத்து, தன் சுருக்குப் பையிலிருந்து பணத்தை எண்ணிக் கொடுத்தாள். "கல்யாணப் பெண்ணுக்கு இந்தக் கரை பழைய மோஸ்தர் அல்லவா?" என்றாள் இல்லத்தரசி. "இது வேறொருத்திக்கு" என்று சொல்லி அத்தை புடவையை மடித்து வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் மாலை மெரீனாவுக்குப் போனோம். 1881 முதல் 1886 வரை கவர்னராயிருந்த கிராண்ட் டப் துரை உலாவும் பாதை போட்டுப் பெயரும் வைத்த கடற்கரை அது. சாலையிலிருந்து தண்ணீரைத் தொடுவதற்குள் நமக்கு மூச்சு வாங்கிற்று. அத்தை செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெறுங்காலுடன் நடந்தாள். "இத்தனை மணலா! எங்கள் கரையில் இத்தனை மணல் இல்லையே" என்றாள். நாம் சுண்டல் வாங்கும் மும்முரத்தில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் காலையில் பார்த்தால், ஜாபிதாவில் இன்னும் ஏழெட்டு இனம் பாக்கி. இரவு ரயிலுக்குப் புறப்பட வேண்டும். "திருவொற்றியூரை அடுத்த தடவை வைத்துக்கொள்ளலாமே" என்று நாமே வாய் தவறிச் சொல்லிவிட்டோம். அத்தை பதில் பேசவில்லை. விடியற்காலையிலேயே ஸ்நானம் செய்து, புடவைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்த இல்லத்தரசிதான் சட்டென்று எழுந்தாள். "ரவிக்கைத் துணி கும்பகோணத்தில் கிடைக்காதா என்ன? கிளம்புங்கள்" என்றாள். இதே கேள்வியை நாம் கேட்டபோது கிடைத்த பதிலை அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறினோம். அடுத்த ஸ்டேஷன் இராயபுரம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பெரிய தூண்களுடன் அந்தப் பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது. 1873-இல் சென்ட்ரல் ஸ்டேஷன் வரும் வரையில் ரயிலில் பட்டணத்துக்கு வந்தவர்களுக்கு இதுவே தலைவாசல். இப்போது பட்டணம் பார்க்க வருகிறவர்கள் இந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. தலைவாசலாக இருந்த இடம் கொல்லைப்புறமாகிவிட்டது.

வழியில் வ.உ.சி. நகர் என்று ஒரு ஸ்டேஷன். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட பெருமானின் பெயரைத் துறைமுகத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் ஏறி இறங்கும் ஸ்டேஷனுக்கு வைத்தது மிகவும் பொருத்தம் என்று தோன்றியது. அதற்கடுத்தது திருவொற்றியூர்.

தேவாரம் பாடிய மூவரும் பாடிய ஸ்தலம் இது. ஏழுகிணற்றுப் பக்கத்தில் வசித்த காலத்தில் இராமலிங்க அடிகள் நடந்தே வந்து தரிசித்த சந்நிதி. பட்டினத்தார் சமாதி கொண்டதும் இவ்வூர்க் கடலோரத்தில்தான். கோயிலிலுள்ள மகிழ மரத்துக்கு ஒரு கதை உண்டு. சுந்தரர் இங்கே சங்கிலியாரை மணந்தபோது, "உன்னைப் பிரியேன்" என்று அந்த மரத்தடியில் சத்தியம் செய்தார். வசந்த காலம் வந்தது. திருவாரூர் நினைவும் வந்தது. சத்தியத்தை மறந்து ஊர் எல்லையைத் தாண்டினார். இரு கண்களும் ஒளி இழந்தன. ஒரு கண்ணைக் காஞ்சியிலும் மற்றொன்றைத் திருவாரூரிலும்தான் திரும்பப் பெற்றார்.

அம்மனுக்குப் பச்சைப் பட்டைக் கொடுத்து அர்ச்சனை செய்தாயிற்று. மகிழ மரத்தடியில் அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "எனக்குக் கண்ணில் புரை விழுந்ததற்கு டாக்டர் ஏதோ காரணம் சொன்னார். எனக்குத் தெரிந்த காரணம் வேறு" என்று சொல்லிச் சிரித்தாள். அறுபது வருஷத்துப் பாரம் இறங்கிய சிரிப்பு அது.

பிறகு, "வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம்" என்றாள். ஓலை வீடு இருக்காது என்பது அவளுக்கும் தெரியும். இடத்தையாவது பார்க்கலாமே என்று கிழக்கே நடந்தோம். தெருக்கள் முடிந்ததும் பெரிய சாலை. அதில் துறைமுகத்துக்குப் போகும் பெட்டி லாரிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஊர்ந்தன. அதைத் தாண்டினால் கருங்கல் குவியல். அதற்கப்பால் கடல். கால் வைக்கப் பிடி மணல் இல்லை.

கல்லின் மேல் உட்கார்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் அத்தை அடையாளம் சொன்னாள்: ஒரு கிணறு, இரண்டு பூவரச மரம், படகு இழுத்து வைக்கும் மேடு. அவர் ஊசியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடலைக் காட்டினார். "அந்தத் தெருவா? அது அங்கே உள்ளே இருக்குதும்மா. நாங்களே மூணு தடவை பின்னாலே தள்ளி வீடு கட்டிட்டோம்" என்றார்.

அத்தை வெகு நேரம் அலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கடல் ஏன் இப்படிச் செய்தது?" என்று யாரையோ கேட்பதுபோல் கேட்டாள்.

நமது புதல்வி இஞ்சினீயரிங் படித்தவள். அவள் சொன்னாள்: "கடல் தானாகச் செய்யவில்லை, பாட்டி. இந்தக் கரையோரமாக வருஷத்தில் அதிக நாள் மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கம் அலை கொண்டுபோகும். இன்னொரு பக்கம் கொண்டுவந்து போடும். 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கிக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். தெற்கேயிருந்து வந்த மணல் அங்கே தடைப்பட்டுத் தங்கிவிட்டது. கோட்டைக்குப் பக்கத்தில் அடித்த அலை வெகுதூரம் பின்வாங்கி, மெரீனா அகலமாயிற்று. இங்கே அலை கொண்டுபோவது மட்டும் நிற்கவில்லை. கொண்டுவந்து போட மணல் இல்லை."

"அப்படியானால் முந்தாநாள் நாம் நடந்த மணல்?"

"இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டியதுதான், பாட்டி."

அத்தை அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

இவ்வளவு தூரம் வந்தவர்கள் எண்ணூர் முகத்துவாரத்தையும் பார்த்துவிடலாமென்று ஓர் ஆட்டோவில் புறப்பட்டோம். வெள்ளைக்காரத் துரைமார்கள் ஒரு காலத்தில் தோட்ட பங்களா கட்டிக்கொண்டு உல்லாசமாக விடுமுறை கழித்த இடம் அது. கொற்றலையாறு அங்கே கடலில் கலக்கிறது. நாம் கண்ட காட்சி வேறு. வடகரையில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அப்பால், நிலக்கரி இறக்குவதற்கென்று 2001-இல் திறந்த துறைமுகம். நிலக்கரிச் சாம்பல் பல வருஷங்களாகக் கசிந்து ஆற்றுப் படுகையை மேடாக்கியிருக்கிறது. 2017 ஜனவரியில் இந்தக் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது ஜனங்கள் வாளியால் அதை அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்து ஆற்றிலும் வலைகளிலும் படிந்தது. அந்தத் தண்ணீரில் மார்பளவு இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள் சில ஸ்திரீகள். தோளில் தொங்கிய பறிக் கூடையில் என்ன இருந்தது என்று எட்டிப் பார்க்க நமக்குத் துணிவு வரவில்லை.

தியாகராய நகரில் மூன்று நாள் நம் கண்ணைப் பறித்த விளக்குகள் நினைவுக்கு வந்தன. அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தில் இங்கே உற்பத்தியாவதும் சேர்ந்திருக்கிறது. நாம் கையிலேந்திய பைகளிலிருந்த அயல்நாட்டுச் சரக்கில் எத்தனையோ இந்தப் பெட்டி லாரிகளில் வந்திருக்கும். மூன்று நாளாக ஒவ்வொரு சாமானுக்கும் பேரம் பேசி விலையைக் குறைத்ததாகப் பெருமைப்பட்டிருந்தோம். குறைந்த தொகையை வேறு யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அதுவரையில் தோன்றவில்லை.

மாலையில் திரும்பிக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கியபோது வெளியே பர்மா பஜாரில் விளக்கேற்றியிருந்தார்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் பிழைப்பதற்காக 1969-இல் ஏற்படுத்திய கடைவீதி அது. சீமைச் சாமானுக்கு அன்று அதுதான் பேர் போன இடம். 1991-க்குப் பிறகு சீமைச் சாமான் சந்து பொந்தெல்லாம் கிடைப்பதால் அந்த மவுசு இல்லை. இல்லத்தரசி அங்கே 'பாரின்' டார்ச் விளக்கு ஒன்றைப் பேரம் பேசி வாங்கினாள். அடியில் திருப்பிப் பார்த்தால் இந்தியாவில் செய்தது என்று அச்சிட்டிருந்தது. அந்நியத் துணி பகிஷ்காரத்தில் கதர் கட்டிய பாட்டனாரின் ஆத்மா சாந்தி அடைந்திருக்கும்.

பக்கத்துத் தெருவில் தள்ளுவண்டிகளில் அத்தோ விற்கிறார்கள். சேமியாபோல் நீளமான பர்மாப் பலகாரத்தில் முட்டைக்கோசு, புளிக்கரைசல், பொரித்த பூண்டு எல்லாம் சேர்த்துக் கையால் பிசறிக் கொடுப்பது அது. தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். வண்டியருகில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், அத்தை கிண்ணத்தை வாங்கிக்கொண்ட விதத்தைப் பார்த்தாரோ என்னவோ, "நே கௌன் லா?" என்றார். சௌக்கியமா என்று அர்த்தமாம்.

அறுபது வருஷமாக நம் வீட்டில் யாரும் கேட்டிராத பாஷையில், "கௌன் பாடே" என்றாள் அத்தை. சௌக்கியந்தான். அப்புறம் இருவரும் தமிழிலேயே கப்பல் பெயரையும் வருஷத்தையும் விசாரித்துக்கொண்டார்கள். ரயிலுக்கு நேரமாயிற்று என்று நாம் மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.

ஊர் திரும்பி மூட்டைகளைப் பிரித்தபோது அத்தையின் பையிலிருந்து கூடத்தில் மணல் உதிர்ந்தது. செருப்போடு வந்த மெரீனா மணல். புதல்வி துடைப்பத்தை எடுத்தாள். "இரு கண்ணே, பெருக்காதே" என்று அத்தை குனிந்து, உள்ளங்கையால் அதைக் கூட்டி எடுத்துத் துளசி மாடத்தில் போட்டாள்.

இரவு இல்லத்தரசி ஜாபிதாவை வைத்துக்கொண்டு வரவு செலவு பார்த்தாள். அத்தை வந்து தன் வரியை அடித்துவிடச் சொன்னாள். அடித்தோம். அதன் கீழே, 'திருவொற்றியூருக்கு மணல் பாக்கி' என்று நாம் ஒரு வரி எழுதினோம். இல்லத்தரசி அதைப் படித்தாள். கணக்குக்குச் சம்பந்தமில்லாததை எழுதினால் உடனே அடித்துவிடும் சுபாவம் அவளுக்கு. இதை அடிக்கவில்லை.