அண்ணிக்குக் கொடுத்த மலர் மருந்து



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள். "டீச்சர், எங்க அம்மா யார் எதைக் கேட்டாலும் முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க. எப்பப் பார்த்தாலும் அசதியா இருக்காங்க. இப்படிப்பட்டவங்களுக்குன்னே சென்டாரின்னு ஒரு மலர் மருந்து இருக்காமே, வாங்கிக் கொடுக்கவா?" நாளைக்குச் சொல்றேன் என்று வைத்துவிட்டேன். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அண்ணியை உங்களில் பலருக்குத் தெரியும். குடமுருட்டிக் கரை வீட்டில் அவர் கையால் சாப்பிட்டவர்கள் கமெண்டில் கை தூக்கலாம். மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை நடவு தொடங்கினால் அந்த வீட்டு அடுப்பு அணையாது. நடவு ஆட்கள், அண்ணன், பிள்ளைகள், சொல்லாமல் வந்து நிற்கும் விருந்தாளி எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மூன்று மணி வாக்கில், சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்து மோர் ஊற்றி நின்றபடியே சாப்பிடுவார். என் மகனை மூன்று வயது வரை வளர்த்ததும் அவர்தான். நான் பள்ளிக்கூடத்துக்கு பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன்.

2011-ல் அவருக்கு 48 வயது. கொல்லைப்புறப் படி நாலு ஏறினாலே மூச்சு வாங்கியது. கேட்டால், "வயசாகுதுல்ல" என்பார். என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவர்தான் தஞ்சாவூரில் மலர் மருத்துவம் பார்ப்பவரிடம் அழைத்துப் போகச் சொன்னார். அண்ணிக்குச் சிரிப்பு. "பூவுல மருந்தா? அப்ப பூக்காரத் தெருவுலயே வாங்கிக்கலாமே!"

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பாடம் எடுக்கிறேன், பழக்கதோஷம். எட்வர்ட் பாட்ச் என்ற ஆங்கிலேய மருத்துவர் (1886–1936) லண்டனில் நன்றாக நடந்துகொண்டிருந்த தொழிலை 1930-ல் விட்டுவிட்டு, கிராமப்புறங்களில் பூக்களைத் தேடி அலைந்தார். நோயைப் பார்க்காதே, நோயாளியின் மனநிலையைப் பார் என்பது அவர் கட்சி. மொத்தம் 38 மருந்துகள். அதில் ஒன்று பூவே இல்லை, வெறும் ஊற்றுநீர்! பூக்களை ஊற்றுநீரில் மிதக்கவிட்டு வெயிலில் மூன்று மணி நேரம் வைப்பார்கள். மரப்பூக்கள் பெரும்பாலும் கொதிக்க வைக்கப்படும். அந்த நீரோடு பிராந்தி சேர்த்து, மேலும் மேலும் நீர்க்கச் செய்தால் மருந்து. நம் ஊரில் அதைச் சர்க்கரை உருண்டையில் விட்டுக் கொடுக்கிறார்கள்.

இல்லை என்று சொல்லத் தெரியாமல் அடுத்தவருக்கு உழைத்தே தேய்கிறவர்களுக்குச் சென்டாரி. நம் பக்கத்து வெள்ளறுகுக்கு அது உறவு. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம், இரண்டுமே கசப்பு.

அந்த மலர் மருத்துவர் அண்ணியிடம் முக்கால் மணி நேரம் பேசினார். நடுவில், "உங்களுக்குச் சாப்பிட என்னம்மா பிடிக்கும்?" என்று கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தார். "அவங்க அண்ணனுக்கு வத்தக்குழம்பு. பெரியவனுக்கு உருளைக்கிழங்கு…" "உங்களுக்கும்மா?" அண்ணிக்குப் பதில் வரவில்லை. எனக்கும் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன்.

பிறகு அவர் அண்ணியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "மருந்து தர்றேன். ஆனா அதுக்கு முன்னாடி ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். அந்த மனிதருக்கு இன்றும் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

ஹீமோகுளோபின் 6.9. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். கருப்பையில் கட்டி. இரண்டு வருஷமாக மாதாமாதம் கொட்டித் தீர்த்திருக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. "அறுப்பு முடியட்டும், பையன் பரீட்சை முடியட்டும்னு இருந்தேன்" என்றார். ரத்தம் ஏற்றி, இரும்புச்சத்து ஊசி போட்டு, பிறகு ஆபரேஷன். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னபோது அண்ணன் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்.

சென்டாரி உருண்டைகளையும் அண்ணி விடாமல் சாப்பிட்டார், இனிப்பாக இருக்கிறதாம். அதனால் ஏதாவது நடந்ததா? அறிவியல் ஆசிரியையாக நான் இல்லை என்றுதான் சொல்வேன். மலர் மருந்துகள் பற்றிய சோதனைகளைத் தொகுத்து 2010-ல் வந்த ஆய்வும் வெற்று மருந்தைவிட அவை கூடுதலாக எதுவும் செய்யவில்லை என்றே சொல்கிறது. ஆனால் அந்த முக்கால் மணி நேரம் வேலை செய்தது. அதற்கு முன்னால் அண்ணியை உட்கார வைத்து யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அப்போது அந்த மருந்துப் புத்தகத்தைப் புரட்டியதில் என் படமும் அதில் இருந்தது. சிக்கரி! எல்லோருக்கும் ஓடி ஓடிச் செய்துவிட்டு, பதிலுக்குக் கவனித்தார்களா என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்கானது. காபியில் போடும் அதே சிக்கரிதான். சிரிக்காதீர்கள்.

அம்மாடி, உன் கேள்விக்கு வருகிறேன். மருந்து வாங்குவதானால் வாங்கு. ஆனால் முதலில் அம்மாவை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போ. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. எல்லா அசதியும் குணத்தால் வருவதில்லை. அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார். தட்டில் என்ன விழுகிறது என்று பார்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு அண்ணி போன் பண்ணினார். என்னமோ ஏதோ என்று பதறி எடுத்தேன்.

"அன்னைக்கு அந்த டாக்டர் கேட்டாரே, என்ன பிடிக்கும்னு. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. கெட்டித் தயிர். மேல ஆடையோட."

அந்த வீட்டில் தயிர் ஆடை எப்போதும் என் தட்டில்தான் விழும். சின்ன வயதிலிருந்தே எனக்கு அது பிடிக்கும் என்று அண்ணன் கல்யாணமான புதிதில் அவரிடம் சொல்லியிருக்கிறார்.