பொலிஸ் நிலையத்து மேசை

நம் கிராமங்களிலே காக்கிச் சட்டை தெருமுனையில் தோன்றியதும் பேச்சு அடங்கிவிடுகிறது. குற்றம் செய்தவன் அஞ்சுவது இயல்பு. ஆனால் களவு கொடுத்தவனுங்கூட முறைப்பாடு செய்யப் போகத் தயங்குகிறான். இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நமது பொலிஸ் படை 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் பிள்ளை. அந்நிய ஆட்சியின் ஒழுங்கைக் காப்பதற்கென்று அமைக்கப்பட்டது. அந்நியர் 1948இல் ஆட்சியைக் கையளித்துச் சென்றனர். பொலிஸ் நிலையத்து மேசைக்கு முன்னால் ஏழை மட்டும் இன்னும் கைகட்டியே நிற்கிறான்.

தமிழ் பேசும் ஏழைக்கோ அச்சம் இரட்டிப்பு. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் ஏட்டில் ஏறிய மொழி மேசைக்கு வந்து சேர நெடுங்காலம் எடுக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் படித்த மாணவன் ஒருவனின் தந்தை ஒரு மாலை எம்மைத் தேடி வந்தார். கடற்றொழிலாளி. அயலவர் ஒருவரின் படகு எஞ்சின் களவு போனமை பற்றி விசாரிக்க அவரை அழைத்திருந்தனர். "மாஸ்ரர், நீங்களும் ஒருக்கா வாங்கோ. அவையின்ரை பாஷை எனக்கு விளங்காது" என்றார். சென்றோம். அதிகாரி அரைகுறைத் தமிழில் கேட்டார், சிங்களத்தில் எழுதினார், எழுதி முடித்ததும் தாளைத் திருப்பிக் கையெழுத்து வைக்கச் சொன்னார். அந்த மனிதர் மறுபேச்சின்றிப் பேனாவை எடுத்தார். எழுதப்பட்டதை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டும்படி நாம் பணிவாகக் கேட்டோம். "நீர் யார், சட்டத்தரணியா?" என்ற கேள்வி பிறந்தது. "இவருடைய பிள்ளையின் ஆசிரியர். விளங்கினால் இவர் கையெழுத்திடுவார்" என்றோம்.

சிறிது நேரச் சினத்துக்குப் பின் தமிழ் அறிந்த பொலிஸ்காரர் ஒருவர் அழைக்கப்பட்டார். அவர் வாசித்தபோது, கரையிலே எஞ்சினைக் 'கண்டேன்' என்று அவர் சொன்னது, 'எடுத்தேன்' என்று தாளில் இருந்தமை தெரிந்தது. அது வஞ்சமா, மொழியறியாமையா என்று நாம் ஆராயவில்லை. திருத்தினார்கள், கையெழுத்திட்டார், அன்றிரவு அவர் வீட்டிலே உறங்கினார்.

நாம் கேட்டது சலுகையன்று. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு, பதிவு செய்த வாக்குமூலத்தை உரியவருக்குக் காட்டவோ வாசிக்கவோ வேண்டும் என்றும், அவருக்கு அம்மொழி தெரியாவிடின் தெரிந்த மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்றும் விதிக்கிறது. விளக்கம் கூறவும் மேலும் சேர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு.

இவ்வுரிமை அற்றுப்போனால் என்ன நேரும் என்பதற்குச் சிங்கராசா வழக்கே சாட்சி. சிங்களத்தில் தட்டச்சிடப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றிலே, சிங்களம் அறியாத அந்த மனிதரின் பெருவிரல் அடையாளம் இருந்தது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டப்படி பொலிஸாரிடம் அளிக்கும் ஒப்புதல் சான்றாகாது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தக் காப்பை உடைத்திருந்தது. 1995இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது; மேன்முறையீட்டில் அது 35 ஆயிற்று. நியாயமான விசாரணைக்கான அவருடைய உரிமை மீறப்பட்டதென 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு கூறியது.

"சட்டமே ஆளும் வர்க்கத்தின் ஆயுதந்தானே, அதைக் கற்று என்ன பயன்?" என்று நம் முற்போக்கு நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். ஆயுதம் என்பது உண்மை. ஆனால் அதன் கைப்பிடியை மக்கள் பற்றிய நாள்களும் உண்டு. தோட்டத் தொழிலாளரின் பக்கம் நின்ற பிரேஸ்கேடில் என்னும் வெள்ளை இளைஞரை 1937இல் ஆளுநர் நாடுகடத்த முனைந்தபோது, இடதுசாரிகள் கூட்டம் போட்டதோடு நின்றுவிடவில்லை. ஆட்கொணர்வு மனுவுடன் உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். எச். வி. பெரேரா வாதாடினார்; ஆளுநரின் கட்டளை செல்லாதாயிற்று. மேடையும் மன்றமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

உரிமையை அறிந்தவனுக்கு நிதானமும் வேண்டும். 2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் இரவு வேளையில் மாண்டனர். முதலில் விபத்து என்றே சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையே துப்பாக்கிச் சூட்டை வெளிப்படுத்தியது. சுட்டவரின் பொறுப்பை மாண்டவர் தலையில் ஏற்ற நாம் ஒருபோதும் உடன்படோம். ஆயினும் நம் மாணவருக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும்: மறித்தால் நில்லுங்கள், அடையாள அட்டையைக் கேட்டால் காட்டுங்கள், கையை ஓங்காதீர்கள், ஓடாதீர்கள். இருட்டிலே தெருவில் வழக்குப் பேசி வென்றவர் இல்லை. வழக்குப் பேச நீதிமன்றம் இருக்கிறது.

கைது செய்தால் காரணத்தைக் கேளுங்கள். அதைச் சொல்வது கைது செய்பவரின் கடமை என்கிறது அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரை. சாதாரண சட்டப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பெண்ணைச் சோதனையிடுபவர் பெண்ணாகவே இருக்க வேண்டும். சித்திரவதையை 11ஆவது உறுப்புரை முற்றாகத் தடுக்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அடிபட்டவர் அதை நீதவானிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வைத்தியரிடம் காயத்தைக் காட்ட வேண்டும். பெயரையும் நேரத்தையும் இடத்தையும் அன்றே குறித்து வைக்க வேண்டும். அடிப்படை உரிமை மனுவுக்கு உயர் நீதிமன்றம் தரும் தவணை ஒரு மாதமே. அழுதும் அஞ்சியும் அந்த மாதத்தைக் கழித்துவிட்டுப் பின்னர் சட்டத்தரணியைத் தேடிப் போகும் குடும்பங்களை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

மேசைக்கு அப்பால் இருக்கும் பொலிஸ்காரரும் பெரும்பாலும் ஓர் ஏழை விவசாயியின் மகனே. அவரைப் பகைப்பதால் நமக்கு ஆவதொன்றில்லை. அவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பதை அவரும் நாமும் சேர்ந்து நினைவிற் கொள்வதே வேண்டுவது.

ஊர்தோறும் நமக்கு வாசிகசாலைகள் உண்டு. மாதர் சங்கங்களும் கடற்றொழிலாளர் சங்கங்களும் உண்டு. மாதத்தில் ஒரு மாலை அங்கே இச்சட்டங்களை எளிய தமிழில் வாசித்து விளக்க ஓர் ஆசிரியர் போதும். அழைக்கப்பட்டவரோடு பொலிஸ் நிலையம்வரை நடந்து செல்ல இரண்டு பேர் போதும். தனியே போகும் மனிதன்தான் வாசிக்காத தாளிலே கையெழுத்து வைக்கிறான்.