சத்தமில்லாத புரையேறல்

பாப்பாவுக்கு ஒன்பது மாதத்தில் மூன்றாவது தடவையாக நிமோனியா. "டவுன் சிண்ட்ரோம் குழந்தைன்னா சளி பிடிக்கத்தான் செய்யும்" என்று எல்லாரும் சொல்ல, நாங்களும் நம்பிவிட்டோம். பால் குடிக்கும்போது அவள் ஒருநாளும் இருமியதில்லை. கண்ணோரம் லேசாக நீர் கசியும். குடித்து முடித்ததும் தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பாலில் பேரியம் கலந்து குடிக்கவைத்து எக்ஸ்ரே வீடியோ எடுத்தபோதுதான் தெரிந்தது, பால் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. தசை தளர்ந்த இந்தக் குழந்தைகளுக்குப் புரையேறினாலும் இருமல் வராமலே போகலாம்.

இப்போது ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்ன பதத்தில் கஞ்சியைக் கெட்டியாக்கி, நிமிர்த்தி உட்காரவைத்துச் சின்ன ஸ்பூனில் கொடுக்கிறேன். அந்தக் குட்டித் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். அரைக் கிண்ணத்துக்கு முக்கால் மணி நேரம். ஆகட்டும்.

சளியைப் போலவே இந்தக் குழந்தைகளின் மலச்சிக்கலையும் 'இவங்களுக்கு அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு குறைவாக இருக்கலாம். குடலில் பிறவியிலேயே நரம்பணுக்கள் இல்லாத ஹிர்ஷ்ஸ்பிரங் நோயாகவும் இருக்கலாம். பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சாப்பிட்டதும் பிள்ளைக்குக் கரகரப்பு கேட்டால் போனில் பதிவு செய்து டாக்டரிடம் போட்டுக் காட்டுங்கள். நான் பதிவு செய்து காட்டியது வெறும் இருபது நொடி.