சத்தம் சொன்ன சேதி

முப்பத்துநான்கு வயதில்தான் நான் கார் ஓட்டப் பழகினேன். ஆசைப்பட்டுப் பழகவில்லை. எங்கள் அலுவலகத்தில் பல வருடங்களாகச் சாரதியாக இருந்த ஐயா, 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டு நாட்களில் வேலையை விட்டுவிட்டு மகளோடு இருக்கப் போய்விட்டார். புதிதாக ஒருவரை எடுக்கப் பணமில்லை. கிராமங்களுக்குப் போய்வரும் பெண்களில் ஒருவர் அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும் என்று முடிவாயிற்று. மற்ற இருவருக்கும் கைக்குழந்தைகள். ஆகவே நான் அகப்பட்டேன்.

எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தேன். வீதிக் குறியீடுகள் எல்லாம் மனப்பாடம். பழக்கிய தம்பியும் நல்ல பொறுமைசாலி. பின்னால் எடுப்பது, ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது, ஒழுங்கைக்குள் திருப்புவது என்று எல்லாம் காட்டித்தந்தார். ஆனால் கார் போடுகிற சத்தங்களைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லித் தரவில்லை.

அலுவலகக் காரோ பழைய யப்பான் கார். அது பேசாமல் ஓடியதாக எனக்கு ஞாபகமில்லை. காலையில் எடுக்கும்போது ஒரு கீச்சு, கிரவல் வீதியில் ஒரு கடகடப்பு, வேகம் கூடினால் ஓர் இரைச்சல். எது வழமையானது, எது ஆபத்தானது என்று எனக்குத் தெரியாது. வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். புதிதாக ஏதாவது சத்தம் கேட்டால் நான் வானொலியைக் கூட்டிவிடுவேன்.

இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு அதன் காரணம் விளங்கும். 2009இல் எனக்கு இருபது வயது. அந்த மாதங்களில் நாங்கள் கண்ணை நம்பியதைவிடக் காதைத்தான் நம்பினோம். தூரத்தில் குத்துகிற சத்தம் கேட்டதும் எண்ணத் தொடங்குவோம். தலைக்கு மேலே வண்டு இரைந்தால் அடுப்பை அணைப்போம். சின்னப் பிள்ளைகள்கூடச் சத்தத்தை வைத்து இன்னது வருகிறது என்று சொன்னார்கள். அந்தக் காது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. காருக்குள் ஒரு சத்தம் மாறினால் முதலில் என் வயிறு இறுகும். மூளை அதற்குப் பிறகுதான் வேலை செய்யும்.

அனுமதிப்பத்திரம் எடுத்து மூன்றாவது மாதம் இருக்கும். விசுவமடுப் பக்கம் ஒரு பெண்கள் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி இறங்கியபோது, திண்ணையில் இருந்த ஓர் அக்கா என்னைக் கூப்பிட்டார். குழுவில் அதிகம் கதைக்காதவர். இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால்.

“தங்கச்சி, குறை நினையாதேங்கோ. உங்கட காருக்கு முன் பிறேக் பாட் முடியப் போகுது.”

“எப்பிடியக்கா தெரியும்?”

“நிப்பாட்டேக்க கீச்செண்டது கேக்கேல்லையோ? கத்தி தீட்டுற மாதிரி.”

கேட்டது. வானொலியைக் கூட்டியதும் நானே. ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த நாள் கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் முதலில் “ஐயா வரேல்லையோ?” என்று கேட்டார். நான்தான் ஓட்டுவது என்றதும், ஒன்றுமில்லை, தூசிதான் என்றார். அக்கா சொன்னதை அப்படியே சொல்லி, சில்லைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். கழற்றினார். பிறேக் பாட் தேய்ந்து கடதாசி மட்டை அளவில் நின்றது. அதில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்களாம். பாட் தேய்ந்ததும் அந்தத் தகடு இரும்புத் தட்டில் உரசிக் கீச்சிடும். “மாத்து” என்று கார் சொல்லும் சொல் அது. அப்போதும் மாற்றாவிட்டால் கீச்சு நின்று கரகரவென்று இரும்போடு இரும்பு தேயும். பிறகு தட்டையும் சேர்த்து மாற்றவேண்டும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதற்குப் பிறகு பழைய கார்களும் உதிரிப்பாகங்களும் விற்ற விலை தெரிந்தவர்களுக்கு, இதன் அருமை சொல்லாமலே தெரியும்.

மறுபடி போனபோது அக்காவிடம் கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார். இயக்கத்தில் இருந்த காலத்தில் லொறி ஓட்டியவராம். இரவில் விளக்குப் போடாமல் ஓடவேண்டும். வீதியும் தெரியாது, மீற்றரும் தெரியாது. “அப்ப காதாலதான் ஓடினது” என்றார். காயம், சரணடைவு, புனர்வாழ்வு என்று வந்தபிறகு ஸ்ரியரிங்கைத் தொட்டதில்லை. ஓட்டத் தெரியும் என்று சொன்னால் அடுத்த கேள்வி எங்கே பழகினாய் என்பதுதான். அதனால் சொல்வதும் இல்லை.

அன்றிலிருந்து அந்தப் பக்கம் போனால் அவரையும் ஏற்றிக்கொண்டு சிறிது தூரம் ஓடுவேன். கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். அவர் பழக்கிய முறை எனக்குப் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டவுடன் “என்ன உடைந்தது” என்று கேட்கக்கூடாதாம். “எப்ப கேக்குது” என்றுதான் கேட்கவேண்டும். நிற்கும்போதும் கேட்கிறதா? அப்படியானால் எஞ்சின் பக்கம். ஓடும்போது மட்டுமா? சில்லுப் பக்கம். பிறேக் மிதிக்கும்போதா, திருப்பும்போதா, பள்ளத்தில் விழும்போதா?

காலையில் எடுத்ததும் கீச்சிட்டுச் சற்று நேரத்தில் அடங்கினால் பெரும்பாலும் பான் பெல்ற். மழை நாட்களில் கூடுதலாகக் கேட்கும். முற்றாகத் திருப்பி வளைக்கும்போது முன்சில்லில் டக் டக் டக் என்று அடித்தால் சீவி ஜொயின்ட் தேய்கிறது. வேகம் கூடக்கூட விமானம்போல ஓர் உறுமல் கூடினால் சில்லுப் பெயாரிங். அதிலும் ஒரு நுணுக்கம் சொன்னார். ஓடும்போது ஸ்ரியரிங்கை மெல்ல வலப்பக்கம் சாய்த்துப் பார்க்க வேண்டும். பாரம் இடப்பக்கத்துக்கு வரும். உறுமல் கூடினால் பழுது இடச்சில்லில் இருக்கலாம். இவையெல்லாம் உடனே நிற்கவேண்டிய சத்தங்கள் அல்ல. கராஜ் மட்டும் மெதுவாகப் போகலாம், நாளைக்கென்று தள்ளிப்போடக் கூடாது. ஆனால் எஞ்சினுக்குள் சுத்தியலால் அடிப்பதுபோல் கேட்டு, ஒயில் விளக்கும் சிவப்பாக எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி அணைத்துவிட வேண்டும். ஒரு கிலோமீற்றர்கூட ஓடக்கூடாது.

இவ்வளவும் படித்த பிறகும் நான் ஒரு சத்தத்தைக் கோட்டைவிட்டேன். இரண்டு மூன்று நாட்களாக டிக் டிக் என்று ஒன்று கேட்டது. மெதுவாகப் போனால் மெதுவாக, விரைவாகப் போனால் விரைவாக. ரயர் வெட்டுக்குள் சிறுகல் அகப்பட்டால் அப்படித்தான் கேட்கும், அதை நானே பிடுங்கியும் இருக்கிறேன். இதுவும் கல்தான் என்று இறங்கிப் பார்க்காமல் விட்டேன்.

அன்றைக்கு அக்காவையும், கண் பரிசோதனைக்காக வயதான அம்மா ஒருவரையும் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்துகொண்டிருந்தேன். ஏ35 வீதி. தருமபுரம் தாண்டியாயிற்று. பின்பக்கம் ஏதோ தள்ளாடுவதுபோல் இருந்தது. காற்று என்று நினைத்தேன். பிறகு தொப் தொப் தொப். நான் யோசித்து முடிக்கமுன் படார் என்று வெடித்தது.

பின்னால் இருந்த அம்மா இரு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு இருக்கைக்குக் கீழே குனிந்துவிட்டார். என் கால் பிறேக்கை நோக்கிப் போயிற்று.

“பிறேக்கை மிதியாதேங்கோ! ஸ்ரியரிங்கை இறுக்கி நேராப் பிடியுங்கோ. காலை எடுங்கோ. தானா நிக்கும்.”

அக்காவின் குரல் உயரவேயில்லை. பிடித்தேன். கார் வாலை ஆட்டியது. பிறகு மெல்ல அடங்கியது. இடப்பக்கக் கரையில், வயலோரம் நின்றது. அந்த வேகத்தில் பிறேக்கை அழுத்தியிருந்தால் சுழன்றிருக்கும் என்று பிறகு சொன்னார்.

முதலில் செய்தது ரயரைப் பார்த்தது அல்ல. அம்மாவை இறக்கி, மர நிழலில் இருத்தி, தண்ணீர் கொடுத்தோம். “ரயர் அம்மா, ரயர்தான்” என்று அக்கா அவருடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அம்மா தலையை ஆட்டினார். கைநடுக்கம் நிற்க வெகுநேரம் எடுத்தது. எனக்கும்தான்.

அக்காவால் குந்தியிருக்க முடியாது. நின்றபடியே சொன்னார், நான் செய்தேன். கைப்பிறேக், முதலாம் கியர், முன்சில்லுக்கு ஒரு கல். ஜக்கை நிலத்தில் வைக்காமல் ஒரு பலகைத் துண்டின்மேல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணுக்குள் புதையும். காரை உயர்த்தமுன் நட்டுகளைத் தளர்த்த வேண்டும். உயர்த்திய பிறகு முயன்றால் சில்லு சேர்ந்து சுற்றும். நட்டு கையால் அசையவில்லை. சாவியின் மேல் ஏறி நிற்கச் சொன்னார். ஏறினேன், கிறீச்சென்று கழன்றது. அந்த ஒரு சத்தம் மட்டும் என்ன இனிமையாக இருந்தது!

மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு தம்பிமார் நிறுத்தி, “விடுங்கோ அக்கா, நாங்கள் செய்யிறம்” என்றார்கள். நல்ல பிள்ளைகள். நான் விடத்தான் இருந்தேன். “பக்கத்தில நில்லுங்கோ தம்பியவை, அவ பழகட்டும்” என்றார் அக்கா. நட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வட்டமாக இறுக்காமல், ஒன்றை இறுக்கி அதற்கு எதிர்ப்பக்கத்து நட்டை இறுக்க வேண்டும் என்பதை அந்தத் தம்பிமாரும் அன்றுதான் அறிந்தார்களாம்.

மேலதிகச் சில்லிலும் காற்றுக் குறைவு. சாரதி ஐயா போனபின் அதை யாரும் தொட்டுப் பார்த்திருக்கவில்லை. ஊர்ந்து ஊர்ந்து பரந்தன் வந்து சேர்ந்தோம்.

ரயர் கடைக்காரர் வெடித்த ரயரைப் புரட்டிப் பார்த்து, நடுவிலிருந்து எதையோ குறட்டால் பிடுங்கினார்.

“செல் துண்டோ தம்பி?” என்று அம்மா காருக்குள் இருந்தே கேட்டார்.

“இல்லையம்மா. தகரம் அடிக்கிற ஆணி.”

அம்மா அதை வாங்கிப் பார்த்தார். ஏதோவொரு வீட்டுக் கூரைக்கு வாங்கிய புது ஆணி. “ஆரோ வீடு கட்டுதுகள்” என்று சொல்லி, அதைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆணி ஏறியதும் காற்று மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது. காற்றில்லாமல் ஓடியதில் ரயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடித்திருக்கிறது. நடுப்பகுதியில் உள்ள துளையை அடைக்கலாம், பக்கச் சுவர் போனால் எறியத்தான் வேண்டும். டிக் டிக் கேட்ட முதல் நாளே இறங்கிப் பார்த்திருந்தால் ஓர் ஒட்டுக் காசோடு முடிந்திருக்கும். ஆணி இருந்தால் பிடுங்கக் கூடாது, அதுவே மூடிபோல் காற்றைத் தாமதப்படுத்துமாம். சவர்க்காரத் தண்ணீர் ஒரு கை ஊற்றினால் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும். சைக்கிள் ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கிக் குமிழி பார்த்து வளர்ந்தவள் நான். காருக்கும் அதுதான் என்பது ஏனோ உறைக்கவில்லை. இப்போது காலையில் எடுக்கமுன் நாலு சில்லையும் சுற்றிப் பார்க்கிறேன். மாதத்தில் இரண்டு தடவை காற்று அளக்கிறேன். எவ்வளவு இருக்கவேண்டும் என்பது சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிறது. இத்தனை நாளும் அதை நான் வாசிக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் குழுப் பெண்களின் விபரப் படிவங்களைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் இப்படிப் படிவங்களைத் தயாரிக்கத்தான் எங்களைப் பழக்கினார்கள். அக்காவின் படிவத்தில், தொழில் திறன் என்ற இடத்தில், சில வருடங்களுக்கு முன் நானே எழுதியது: “தையல் (ஓரளவு), கோழி வளர்ப்பு.” அவர் கொண்டுவந்த தையல் மெஷினில் இப்போது பூச்சட்டி இருக்கிறது. வேறு என்ன தெரியும் என்று அப்போது நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

“எழுதட்டோ அக்கா?” என்று கேட்டேன்.

வெகுநேரம் யோசித்தார். “எங்க பழகினது எண்டு எழுதாதேங்கோ. திருத்தத் தெரியும் எண்டு மட்டும் எழுதுங்கோ.”

அப்படியே எழுதினேன். இப்போது மாதத்தில் ஒரு நாள் அதே வேப்பமரத்தடியில், மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் வைத்திருக்கும் ஏழெட்டுப் பெண்கள் அவரைச் சுற்றி இருக்கிறார்கள். ஒருத்தி எஞ்சினை முறுக்க, மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்கள்.

போன கிழமை அவரை ஏற்றிக்கொண்டு வரும்போது மறுபடி டிக் டிக் கேட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கரையில் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். கல்தான். திருப்புளியால் நெம்பி எறிந்துவிட்டு வந்து ஏறியபோது, அக்கா கண்ணாடிப் பக்கம் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டிருந்தார்.