கேத்தே கோல்விட்ஸின் கோடுகள்

ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் படங்களை இன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெர்லினின் தொழிலாளர் பகுதியில் அவர் கணவர் மருத்துவர். அங்கே வந்துபோன பெண்களின் பசியையும் களைப்பையும் அழகுபடுத்தாமல் அப்படியே வரைந்தார் கேத்தே.

1914-இல் 18 வயது மகன் பீட்டர் பெல்ஜியப் போர்முனையில் இறந்தான். அந்தத் துக்கம் சிற்பமாகி நிற்க 1932 ஆயிற்று. தந்தை தன்னையே இறுகக் கட்டிக்கொண்டு மண்டியிட்டிருக்கிறார்; தாய் தலைகவிழ்ந்து குனிந்திருக்கிறாள். மகனின் உருவமே இல்லை. அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

1933-இல் நாஜிகள் கலைக்கழகத்திலிருந்து அவரை வெளியேற்றினார்கள். அதிகாரம் அஞ்சியது இந்தக் கோடுகளுக்குத்தான்.

கேத்தேயைப் போல வலியை வரைகிற பிள்ளைகளிடம் “ஏன் இவ்வளவு சோகம்?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். சொல்ல முடியாததைத்தான் வரைகிறார்கள். பொறுமையாகப் பாருங்கள்.