மழைக்கோட்டும் ஒரு கொங்காணியும்

ஜூன் பொறந்தா புனேவுல ரெண்டு விஷயம் நிச்சயம். ஒண்ணு மழை. இன்னொண்ணு, "இந்த வருஷமாவது அந்தச் சைக்கிளை மூட்டை கட்டி வைங்களேன்"ங்கிற தங்கமணியோட புலம்பல். ரெண்டும் செப்டம்பர் வரைக்கும் ஓயாது.

வீட்டுலேருந்து ஆபீஸ் 11 கிலோமீட்டர். ஆறு வருஷமா ஆணி பிடுங்கப் போறது சைக்கிள்லதான். நம்ம ஊர்ல ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துட்டுப் போயிடும். இங்கே சாரலும் தூறலுமா நாள்கணக்குல அழுதுக்கிட்டே இருக்கும். டீக்கடையில ஒதுங்கினா மூணு மாசம் அங்கேயே நிக்கணும்!

மொதல்ல வாங்கினது ரோட்டோரத்துல விக்கிற ஸ்கூட்டர் ரெயின்கோட். ஒரு சொட்டு உள்ளே வரலை. ஆனா மிதிக்க மிதிக்க உள்ளே இட்லிக் கொப்பரைதான். மழையில நனையாம வேர்வையில நனைஞ்சு போய்ச் சேர்ந்தேன். அடுத்தது போஞ்சோ. கீழே திறந்திருக்கு, காத்து வரும்னு நினைச்சேன். வந்துச்சு. முத்தா ஆத்துப் பாலத்துல பக்கவாட்டுக் காத்து அதைப் பாய்மரமாக்கி என்னைக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் தள்ளிட்டுப் போச்சு.

மூணாவதா காசைக் கொட்டி ஒரு நல்ல ஜாக்கெட். லேபிள்ல 10,000 மி.மீ.ன்னு போட்டிருந்தது. துணி மேல 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணித் தூண் நின்னாலும் கசியாதுன்னு அர்த்தம். இன்னொரு எண், ஒரு சதுர மீட்டர் துணி வழியா 24 மணி நேரத்துல எத்தனை கிராம் நீராவி வெளியேறும்ங்கிறது. அதெல்லாம் பரிசோதனைக் கூடத்துக் கணக்கு. வெளிக்காத்து உள்ளே இருக்கறதைவிட உலர்ந்திருந்தாத்தான் ஆவி வெளியே போகும். ஆகஸ்ட் மாச புனேயில காத்தே ஈரத்துணி மாதிரி இருக்கும்போது அது எங்கே போகும்? அக்குள்ல ஜிப் இருக்கான்னு பாருங்க, அந்த எண்ணைவிட அதுதான் உதவும்.

ஆனா நான் பண்ணின பெரிய தப்பு வேற. சேறு தெரியாதுன்னு கரும்சாம்பல் நிறத்துல எடுத்தேன், பெரிய தொப்பியோட. ஒரு சாயந்திரம் வலது பக்கம் திரும்பணும். தலையைத் திருப்பிப் பார்த்தேன். தலை திரும்புச்சு, தொப்பி திரும்பலை. தெரிஞ்சது தொப்பியோட உள்பக்கம் மட்டும்தான். பின்னாடி வந்த பஸ்ஸோட ஹாரனும் பிரேக் கிறீச்சும் ஒண்ணா கேட்டுச்சு. கண்ணாடி முழங்கையை உரசிட்டுப் போச்சு. டிரைவர் மராத்தியில திட்டினாரு. அவர் மேல தப்பே இல்லை. தார் ரோட்டுல தார் நிறத்துல ஒருத்தன் போனா யாருக்குத் தெரியும்?

வீட்டுல சொல்லலை. ரெண்டு நாள் ஆட்டோவுல போனேன். மூணாம் நாள் தங்கமணி கேட்டப்ப சொல்லிட்டேன். கத்துவான்னு பார்த்தா, கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசலை. அப்புறம், "ஏங்க, போகாதீங்கன்னு சொல்லலை. அடுத்தவன் கண்ணுக்குத் தெரியற மாதிரி போங்க"ன்னா. ஞாயித்துக்கிழமை கூடவே கடைக்கு வந்தா.

அவ எடுத்துக் கொடுத்தது எலுமிச்சை மஞ்சள். முதுகுலயும் கையிலயும் ஒளி பட்டா மின்னுற பட்டை. தையல் மேல உள்பக்கம் டேப். குனிஞ்சு ஓட்டும்போது இடுப்பு நனையாம இருக்கப் பின்பக்கம் நீளம். தொப்பி கிடையாது, ஹெல்மெட்டே போதும். கடையிலேயே ஹேண்டில் பிடிக்கிற மாதிரி கையை நீட்டிப் பார்க்கச் சொன்னா. மணிக்கட்டு வெளியே தெரிஞ்சதால ஒரு சைஸ் பெரிசா மாத்தினோம். வீட்டுக்கு வந்தா ஈரத்தோட மடிச்சு வைக்கறதில்லை. மடிச்சா நாத்தம் வரும், டேப்பும் உரிஞ்சுக்கும்.

காத்துக்குத் தனியா ஒரு மெல்லிசு ஜாக்கெட் இருக்கு. கைப்பிடிக்குள்ள அடங்கிடும். மழைக்கு ஆகாது. ஆனா காலையில சிங்கட் கோட்டை ஏறி வேர்த்த உடம்போட இறங்கும்போது அதைப் போடலைன்னா பல்லு தந்தியடிக்கும்.

இதையெல்லாம் போன்ல அப்பாகிட்ட சொன்னேன். கோபி பக்கத்துல இருபது வருஷம் சொசைட்டிக்குச் சைக்கிள்ல பால் கொண்டுபோனவரு. யூரியா சாக்கைக் கொங்காணியா மடிச்சுத் தலையில போட்டுக்கிட்டு மழையில அவர் போறது இன்னும் என் கண்ணுலயே இருக்கு. ஆனா பாதி நாள் தொப்பலா நனைஞ்சுதான் திரும்பி வருவாரு. சாக்கு ஓட்டைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

"ஓட்டையெல்லாம் இல்லைடா கண்ணு. கொங்காணி போட்டா ரெண்டு பக்கமும் தெரியாது. மெயின் ரோட்டுக்கு வந்தா எறக்கி கேரியர்ல வெச்சுட்டு நனைஞ்சுட்டேதான் போவேன். ஊட்ல நீங்க இருந்தீங்கல்ல."

பத்தாயிரம் மி.மீ. தேடறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பி.கு.: மட்கார்ட் இல்லாத சைக்கிள்ல எந்த ஜாக்கெட்டும் ஜம்பம் சாயாது. பாதி மழை கீழேயிருந்துதான் வருது.